ஆறாங்கட்டைத் தோட்டத்து ஹாஃப்பேக்

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் பந்தை உதைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். உதைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் பரஞ்சோதி ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் பந்து வந்ததும் அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கியவர்களைப் போல எங்கேயாவது தள்ளிவிட்டு ஓடுவார்கள். இவன் நிற்பான். தலையைத் தூக்கிப் பார்ப்பான். யாருக்குக் கொடுத்தால் நல்லது என்று யோசித்துக் கொடுப்பான். ஹாஃப்பேக் வேலை அதுதான். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிற கூட்டம், அவனுக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் பக்கம் திரும்பக்கூடச் செய்யாது. பரஞ்சோதியும் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

அவனைக் கண்டுபிடித்தவர் டச்சுத் துரை. கெரிட் என்று பெயர். ரப்பர் ஃபேக்டரி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்த எஞ்சினியர். வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. அதனால் மானேஜர் பங்களாவில் அவருக்குப் பாதி மரியாதை, கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒன்றரை மரியாதை. ஃபேக்டரியில் உருளை ஓட்டிக்கொண்டிருந்த பரஞ்சோதிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இவன் அவரைத் 'துரை' என்று கூப்பிடாத ஒரே இடம் பந்துத் திடல். அங்கே மரியாதைக்கெல்லாம் நேரம் ஏது? "ஓய்!" என்றுதான் கத்துவான். அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

துரை தன் ஊரான ரோட்டர்டாமில் பந்து விளையாடியே பிழைத்தவர் என்று கேள்விப்பட்டபோது லயமே சிரித்தது. விளையாடுகிறவனுக்குச் சம்பளமா? அங்கே அப்போதுதான் அந்த வழக்கம் வந்ததாம். அவரும் ஹாஃப்பேக்தான். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் குடும்பத்துப் பிள்ளை. சம்பளத்துக்கு ஆள் எடுக்க ஒரு கிளப் ஆட்டம் வைத்தது. அந்த ஆட்டத்தன்று மத்தியானம் அவருடைய அப்பாவுக்கு அடக்கம். அவர் கல்லறைக்குப் போகவில்லை, திடலுக்குப் போனார். கிளப் அவரை எடுத்துக்கொண்டது. ஒரு பருவம் ஆடினார், பத்திரிகையில் படம் வந்தது, பிறகு முழங்கால் போயிற்று. அந்தக் கதையை மலாயும் தமிழும் கலந்த ஒரு பாஷையில் சொல்லி முடித்து, "ஆட்டம் யாருக்கும் நிக்காது, ஜோதி," என்பார். பரஞ்சோதி அதை வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். இப்படியும் ஒருவன் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஆட முடியுமா என்று அவனுக்கு ஆச்சரியம். ஆச்சரியத்தில் பாதி பொறாமை.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு பாலிங்கில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்துபோன மறுவருடம். லயத்தைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு கேட், கேட்டில் போலீஸ். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு ஒரு மணி அரிசி போகக் கூடாது என்று சட்டம். அதற்காகக் காலையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களின் மடி, வாளி, தலைத்துணி எல்லாவற்றையும் துழாவினார்கள். பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பரஞ்சோதியின் மனைவி செல்லாயிக்கு முதல் பிரசவ வலி கண்டது அப்படிப் பூட்டிய பிறகுதான். திறக்க ஸ்டேஷனிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார்கள். உத்தரவு விடிந்த பிறகு வந்தது. பிள்ளை அதற்கு முன்பே வந்து, அழாமலே போய்விட்டது.

ஆகவே கெடா மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் அலோர் ஸ்டாரில் என்று துரை வந்து சொன்னபோது, அது பரஞ்சோதிக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாக இல்லை. எடுத்துவிட்டால் டவுனில் பொதுப்பணி இலாகாவில் வேலை, இருக்க குவாட்டர்ஸ். அங்கே கம்பி இல்லை, கேட் இல்லை. செல்லாயிக்கு மறுபடியும் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

"இந்தப் புள்ள கம்பிக்கு வெளிய பொறக்கணும் மச்சான்," என்றாள் அவள். "வேற எதுவும் வேணாம் எனக்கு."

"பொறக்கும் புள்ள. நீ பயப்படாத."

அவள் பயப்படவில்லை, வேண்டிக்கொண்டாள். உலை வைக்கும்போதெல்லாம் பங்கீட்டு அரிசியில் ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் போட்டு வந்தாள். பிடியரிசி எடுப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். வேண்டுதல் நிறைவேற அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டிப் பொங்கல் வைக்கச் சொல்வார்கள். அலோர் ஸ்டார் போகிற துரையின் மோட்டார் காடி சுங்கை பட்டாணி வழியாகத்தான் போகும், அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் புருஷன் கையாலேயே அம்மனுக்குப் போய்ச் சேரட்டும் என்று அவள் நினைத்தாள். பூட்ஸ் தோல் ஆயிற்றே, அதோடு அம்மன் அரிசியை வைக்கலாமா? ஜெர்ஸிச் சட்டைக்குள் பத்திரமாகச் சுருட்டி வைத்தாள். வழியனுப்பும்போது சொன்னால் போதும் என்று இருந்தாள்.

அறிவுகெட்ட காரியம் என்று இப்போது யாரும் சொல்லிவிடலாம். தினமும் அந்தக் கேட்டில் கையைத் தூக்கி நிற்கிற பெண்தானே, அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு கைப்பிடி அரிசியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே போக மாட்டாள். ஆனால் இது அரிசி என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மஞ்சள் துணிக்குள் போனதும் அது அம்மனுடையது ஆகிவிட்டது. அம்மன் பொருளை யார் சோதிப்பார்கள்?

மற்ற நாளாக இருந்தால் சோதித்திருக்கவும் மாட்டார்கள். கேட்டில் நிற்கும் போலீஸ் சார்ஜன் ஜைனல் பந்துப் பைத்தியம். பரஞ்சோதியின் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கோல் போட்டு வா-லா தம்பி," என்று அனுப்பியிருப்பார். அன்றைக்கென்று புதிதாக ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்து கேட்டருகே நின்றுகொண்டிருந்தான். முந்தின வாரம் பக்கத்துத் தோட்டத்தில் அரிசி பிடிபட்டிருந்தது. துரையின் காடியையும் விடவில்லை. பையை மேசையில் கொட்டச் சொன்னான். பூட்ஸ் விழுந்தது. ஜெர்ஸி விழுந்தது. ஜெர்ஸிக்குள்ளிருந்து மஞ்சள் துணி அவிழ்ந்து அரிசி மேசையெல்லாம் சிதறியது. மூன்று காத்தி, கிட்டத்தட்ட இரண்டு கிலோ இருக்கும்.

பரஞ்சோதிக்கு அரிசியைப் பார்த்ததும் மஞ்சள் துணி புரிந்தது, மஞ்சள் துணி புரிந்ததும் எல்லாம் புரிந்தது. வழியனுப்ப வந்து கம்பியோரம் நின்றிருந்த செல்லாயி, "ஐயா, அது அம்மனுக்கு! நான்தான் வச்சேன், மச்சானுக்கு ஒன்னும் தெரியாது!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

அதிகாரிக்கு அம்மனும் தெரியாது, வேண்டுதலும் தெரியாது. அவனுக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். சார்ஜன் ஜைனல் முகம் வேர்க்க பரஞ்சோதி பக்கம் வந்தார். தனக்குத் தெரிந்த தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பை யாருது, தம்பி? நீ சொன்னா உன்னை எழுதுவேன். பினி, உன் பொண்டாட்டி, வீட்டுக்குப் போவட்டும், வயித்துப் புள்ளக்காரி. சொல்லு-லா. யாருது?"

'என்னுது' என்று ஒரு சொல். பை அவனுடையதுதான், சட்டை அவனுடையதுதான், பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவன் வாயைத் திறந்தான். அப்போது துரை அவன் முழங்கையைப் பிடித்தார்.

"அவ சொல்லிட்டா ஜோதி. வயித்தோட இருக்கிற பொம்பளைய வச்சுக்க மாட்டாங்க. சாயந்தரம் நான் மானேஜர்கிட்டப் பேசறேன். ராத்திரிக்குள்ள அவ வீட்டுல இருப்பா. நீ உள்ள போனா எல்லாம் முடிஞ்சது. ஆட்டம் நிக்காது."

பரஞ்சோதி வாயை மூடிக்கொண்டான். அவனை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சும்மா இருந்தான். செல்லாயி அவனைத் திரும்பிப் பார்த்து, "போ மச்சான், நேரமாச்சு," என்றாள். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். இவன் காடியில் ஏறினான். இரண்டும் ஒரே சாலையில் கொஞ்ச தூரம் முன்னும் பின்னுமாகப் போயின.

அவன் எப்படி ஆடினான் என்று கேட்கிறீர்களா? மனது உடைந்து, கால் பின்னிக்கொண்டு, பந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டு ஆடினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. பந்து அவனைத் தேடித் தேடி வந்தது. எதிராளி எந்தப் பக்கம் சாய்வான் என்பது சாய்வதற்கு முன்பே தெரிந்தது. திடலுக்குள் இருந்தவரைக்கும் செல்லாயி என்று ஒருத்தி இருப்பதே அவனுக்கு நினைவில் இல்லை. நடுத்திடலில் அவன் வைத்ததுதான் சட்டமாக இருந்தது. அலோர் ஸ்டார்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், கோல் போட்டவனுக்கல்ல, இவனுக்கு. விசில் ஊதியபோதுதான் ஜீப் ஞாபகம் வந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் துரையின் காடிக்கு ஓடினான்.

வீட்டில் அவள் இல்லை. துரை சொன்னபடி மானேஜரிடம் பேசினார், பேசவில்லை என்று பழி சொல்லக் கூடாது. போலீஸ் விஷயத்தில் தலையிடுவதில்லை என்று மானேஜர் சொல்லிவிட்டார். மறுநாள் பரஞ்சோதி ஸ்டேஷனுக்கு ஓடி, பை என்னுடையது, அரிசி என்னுடையது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னான். நேற்றுச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொன்னால் யார் கேட்பார்கள்? அவள் ஒப்புக்கொண்டதை எழுதியாகிவிட்டது. கோர்ட்டில் ஒன்றரை வருடம் போட்டார்கள். அம்மனுக்கு என்று அவள் சொன்னதை மொழிபெயர்த்தவர் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தார். காட்டுக்குப் போகிற அரிசி கோயிலுக்கு என்றுதான் கிளம்பும் என்றார் மாஜிஸ்திரேட்.

பரஞ்சோதிக்கு அணியில் இடம் கிடைத்தது. வேலை கிடைத்தது. இரண்டு அறையும் பின்புறம் குழாயுமாக குவாட்டர்ஸ் கிடைத்தது. கம்பிக்கு வெளியே அவன் ஒருவன் மட்டும் இருந்தான். பிள்ளை ஜெயிலுக்குள் பிறந்தது. பெண் பிள்ளை என்று ஒரு வார்டர் அம்மாள் வந்து சொன்னாள். ஜெயிலில் பார்க்க விடுகிற நாளெல்லாம் போனான். செல்லாயி ஒரு தடவைகூட வெளியே வரவில்லை. "வர மாட்டேங்குது," என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் அழுதுகொண்டே திடலுக்குப் போவான். திடலில் அழுகை நின்றுவிடும். அதுதான் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

டச்சுத் துரை வேலையை விட்டுக் கிளம்புமுன் குவாட்டர்ஸுக்கு வந்தார். வெகுநேரம் நாற்காலியில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்ன கதையில கடைசி பாகம் சொல்லல," என்றார். "அன்னிக்கு ஆடி முடிச்சு வீட்டுக்குப் போனேன். அம்மா கதவத் தொறக்கல. அப்புறம் தொறக்கவே இல்ல. படம் பத்திரிகையில வந்தது, அப்பவும் தொறக்கல. கால் உடஞ்சு படுத்தேன், அப்பவும் வரல. கால் போனதால இங்க வரல நான், அந்தக் கதவாலதான்."

"ஏன் தொரை அதை அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஆட வந்திருக்க மாட்டே."

பரஞ்சோதி அவரை அடிப்பதற்குக்கூட எழுந்திருக்கவில்லை. முழங்கையைப் பிடித்தது அவர் கை. மூடிக்கொண்டது தன் வாய். அதை அவன் யார்மேல் போட முடியும்?

செல்லாயி வெளியே வந்தபோது நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஜெயில் வாசலில் அவன் நின்றான். அவள் மெலிந்திருந்தாள், பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. கையை நீட்டினான். தயங்காமல் பிள்ளையைக் கொடுத்தாள். பஸ் நிற்கிற இடம்வரை இருவரும் நடந்தார்கள். பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது அந்தச் சிறு தூரத்தில்தான்.

"குவாட்டர்ஸ் பக்கந்தான் புள்ள. நடந்தே போயிடலாம்."

அவள் நின்றாள். "ஒன்னு கேக்கணும் மச்சான். அன்னிக்கு நல்லா ஆடினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இந்த வாய் ஒரு தடவை அவளை ஏமாற்றிவிட்டது, இன்னொரு தடவை முடியவில்லை.

"ஆடினேன்."

"எப்படி?"

"அதுமாதிரி முன்னயும் ஆடல, பின்னயும் ஆடல."

"காலு தடுமாறலியா? கொஞ்சங்கூட?"

"இல்ல புள்ள."

"சார்ஜன் கேட்டப்ப நீ பயந்துட்டேன்னு நெனச்சேன்," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "பயந்தா யாருந்தான் சும்மா நிப்பாங்க. அதுக்கு நான் ஒன்னும் நெனைக்கல மச்சான். ஆனா அங்க போயி உன்னால ஆட முடிஞ்சிருக்காதுன்னு நெனச்சிருந்தேன். எம்பேர நெனச்சு நீ தடுக்கி விழுந்திருப்பேன்னு. அத நெனச்சுத்தான் உள்ள இருந்தேன். கேட்டா, விழல, நல்லாத்தான் ஆடினேன்னுடுவியோன்னு பயந்துதான் உன்னப் பாக்கவே வரல."

பிள்ளையை வாங்கிக்கொண்டாள். குருண் பக்கத்துத் தோட்டத்தில் அவள் அக்கா ராக்காயி இருந்தாள். அங்கேயும் கம்பி உண்டு, கேட் உண்டு. குருண் பஸ் வந்து நின்றது, ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அழுத பிள்ளைக்கு மாராப்பை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

பஸ் போன பிறகும் பரஞ்சோதி அங்கேயே நின்றான். அன்று நாலரை மணிக்குப் பயிற்சி இருந்தது. போனான்.