தட்டைமூக்குத் தோட்டாக்கள்

டிச்சாவோனா தன் புதுத் தோட்டாக்களை மேசையில் நிறுத்தி வைத்து, பெண் பார்க்க வந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"குண்டு முழுக்கப் பித்தளை, நெட்சாய். ஈயமே கிடையாது. மூக்கு தட்டை. காட்டெருமை எலும்புல பட்டாலும் வளையாது, திரும்பாது. நேரா உள்ளே போகும்."

"போகும். துப்பாக்கியை விட்டு வெளியே வந்தா" என்றேன்.

நாளை அவனுக்குத் தேர்வு. தேர்வாளர் முன்னால் காட்டெருமையை வீழ்த்தினால் முழு வேட்டை உரிமம். தவறினால் இந்தச் சாம்பெசிக் கரை முகாமில் இன்னொரு வருஷம் பயிற்சி ஆளாக, உரிமம் வாங்கிவிட்ட எனக்குக் கூடாரம் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்.

பலகைகளை அடுக்கிச் சுட்டுப் பார்த்திருந்தான். பழைய உருண்டைமூக்கு பாதியில் கோணிக்கொண்டது. தட்டைமூக்கு கோடு போட்டதுபோல் போனது. அதில் அவன் சொன்னது சரி. ஆனால் சுட்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் போட்டு. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து வேகமாய் ஏற்றிப் பார்க்கவே மாட்டேன் என்றான். பளபளப்பு கீறிவிடுமாம்! துப்பாக்கியோ அவன் மாமாவுடையது. உருண்டைமூக்கு மட்டுமே இருந்த காலத்தில் செய்தது.

நான் அவனுக்கு சாஹ்விரா. அப்பா காலத்திலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அந்த உறவு. சாஹ்விரா எவ்வளவு கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது. செத்த வீட்டில்கூட, செத்தவனைப் போலவே நடித்துக் காட்டிச் சிரிக்கவைக்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

உரிமையைச் சும்மா வைத்திருப்பானேன்?

அவன் குளிக்கப் போனான். நான் பட்டறைக்குப் போனேன். சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கூடுகளில் அவனுடைய குண்டுகளையே செருகினேன். மருந்து இல்லை, உயிர் இல்லை. ஒன்றை அவன் துப்பாக்கிக் குழலில் ஏற்றி, மீதியை மேகசினில் போட்டுவிட்டு நிஜத் தோட்டாக்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அடிப்பக்கத்தில் ஏற்கெனவே சுட்ட குழி இருக்கும், பார்த்தால் குட்டு உடைந்துவிடும். டிச்சா பார்ப்பதெல்லாம் மூக்கழகுதான்.

அவன் இடுப்பில் கட்டிய துண்டோடு வந்து துப்பாக்கியைத் தோளில் மாட்டினான். அவ்வளவுதான்!

அட்டையில் வெட்டிய எருமையை முன்பே தள்ளுவண்டியில் கட்டி வைத்திருந்தேன். அதன் பின்னால் குனிந்தபடி, மேட்டிலிருந்து அவனை நோக்கி ஓட ஆரம்பித்தேன்.

"எருமை! டிச்சா, எருமை வருதுடா!"

'டிக்.' வெடிக்கவில்லை.

அடுத்ததை ஏற்றப் போல்ட்டை இழுத்தான். தள்ளினான். நகரவில்லை. அடுத்த தோட்டாவின் தட்டை மூக்கு குழல் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது.

"போடீ உள்ளே! போடீ, சனியனே!" என்று துப்பாக்கியைத் திட்டினான். பிறகு அதைப் போட்டுவிட்டு, இடுப்பில் துண்டோடு கரையான் புற்றின் மேல் ஏறினான்.

சமையல்காரர் கையிலிருந்த சட்சாக் களி கிண்டும் கரண்டி கீழே விழுந்தது. முகாமே உருண்டு சிரித்தது.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று மேலேயிருந்து கத்தினான்.

"சாஹ்விராடா. கோபப்பட்டா ஊர் சிரிக்கும்."

"ஏற்கெனவே சிரிச்சிட்டுதான் இருக்கு!"

இறங்கியதும் நேராகப் பட்டறைக்கு வந்தான். என் உருண்டைமூக்குகளை மேகசினில் நிரப்பினோம். கை வலிக்கும்வரை ஏற்றி இறக்கினான். வழுக்கிக்கொண்டு போயின. தட்டைமூக்கை மட்டும் முதல் குண்டாகக் கையால் போட்டான். இரண்டு வகையும் ஒரே உள்ளங்கை அளவு இடத்தில் விழுகின்றனவா என்று சுட்டுப் பார்த்தோம். விழுந்தன.

மறுநாள் புதருக்குள் தேர்வாளர் சிபாண்டா, டிச்சா, பின்காவலாக நான்.

முதல் குண்டு தோளில். எருமை விழவில்லை. திரும்பியது. எங்களைப் பார்த்தது. வந்தது!

என் விரல் விசைக்குப் போனது. அதற்குள் டிச்சாவின் போல்ட் எண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. இரண்டாவது குண்டு. எருமை முழங்கால் மடிந்து, எங்கள் பூட்ஸில் புழுதி தெறிக்க விழுந்தது.

முகாமுக்குத் திரும்பியதும் சிபாண்டா கேட்டார். "முதல்ல தட்டை, அப்புறம் உருண்டையா? யார் யோசனை தம்பி?"

டிச்சா நெஞ்சை நிமிர்த்தினான். "என்னோடதுதான் ஐயா. ஆழமும் வேணும், ஏத்தும்போது அடைக்கவும் கூடாது. அமைதியா உட்கார்ந்து யோசிச்சேன்."

அமைதியாகவாம்!

சிபாண்டா உரிமத்தில் முத்திரை குத்தினார். மை காயும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. காய்ந்ததும் ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"ஐயா, இவன் எங்கே உட்கார்ந்து யோசிச்சான்னு காட்டட்டுமா?"