பலாத்தோல் தம்

என் பட்டறையைப் பூட்டுவேன் என்று எவனாவது சொன்னால் சும்மா விடுவேனா? ஆனால் அன்றைக்குச் சொன்னவர் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி. அறந்தாங்கியில் பைக் சாமான்களுக்குக் குரோம் பூசும் பட்டறை என்னுடையது. வெளியே போகும் மஞ்சள் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, அதிகாரி ஏதோ மருந்தைச் சொட்டினார். ஊதாவாகிவிட்டது.

"குரோமியம், அம்மா. விஷம். வியாழக்கிழமை வாரேன். அன்னைக்கும் ஊதாவானா பூட்டுத்தான்."

மாடியில் குடியிருக்கும் இளமதியிடம் ஓடினேன். கல்லூரியில் வேதியியல் டீச்சர்.

"பலாத்தோலைக் கரியாக்கி, அதுல தண்ணிய வடிய விடுங்கக்கா. உலோகத்தைக் கரி பிடிச்சுக்கும். ஆனா காத்துப் படாம சூடாக்கணும். காத்துப் பட்டா வெறும் சாம்பல்தான்."

"அடியாத்தே, அது தம்முல்ல!" என்று கத்தினேன். என் அண்ணன் அபுபக்கர் கல்யாணப் பிரியாணி சமைக்கும் பண்டாரி. காற்றுப் புகாமல் மூடியை அடைத்து அவர் போடும் தம்முக்குத்தான் சுற்றுவட்டாரத்தில் பேர்.

சந்தைக்குப் பின்னால் வடகாட்டு ஊரிலிருந்து வந்த பலாப்பழங்களின் தோல் கேட்பாரற்றுக் கிடந்தது. அள்ளிவந்து காயவைத்தோம். அண்ணன் அதைப் பழைய பிரியாணி தேக்சாவில் அடைத்து, வழக்கமாக ஒட்டும் மைதா மாவு கருகிவிடும் என்று மூடியைச் சுற்றிக் களிமண்ணை அப்பி அடுப்பில் ஏற்றினார். புகை போக ஊசித் துளை ஒன்று. "புகை நின்னதும் துளைய அடைச்சிருங்க. முழுசா ஆறுற வரைக்கும் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இளமதி கல்லூரிக்குப் போனாள்.

சூட்டோடு தம் உடைத்தே பழகிய கை கேட்குமா? நான் டீ வாங்கப் போன நேரத்தில் அண்ணன் மூடியைத் தூக்கிவிட்டார். குப்பென்று பற்றியது. நான் வந்தபோது மிச்சம் சாம்பல்.

"என்ன அவசரம்ணே? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்தியில உக்காந்துட்டாங்களா?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. விடிந்தால் வியாழன்.

"பழக்கதோஷம், ஹமீதா" என்று தலையைச் சொறிந்தார். கடைசி மூட்டைத் தோல் மட்டும் மிஞ்சியிருந்தது.

இந்தத் தடவை தேக்சாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நானே உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் கை நீளும்போதெல்லாம் ஒரு தட்டு. தேக்சா தொட்டால் ஜில்லென்று ஆன பிறகுதான் திறக்க விட்டேன். கன்னங்கரேலென்று, உடையாமல் இருந்தது கரி. கழுவி, மணலோடு டிரம்மில் நிரப்பி மஞ்சள் தண்ணீரை ஊற்றினோம். அடியில் தெளிந்த நீராகச் சொட்டியது.

அதிகாரி பூட்டோடு வந்தார். தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டினார். குலுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊதாவின் சாயல்கூட இல்லை. மறுபடியும் பிடித்துப் பார்த்தார். அப்போதும் இல்லை!

"உப்பு, காரமெல்லாம் சரியா இருக்குங்களா சார்?" என்றார் அண்ணன்.

அதிகாரி சிரித்துவிட்டார். பூட்டு பைக்குள் போனது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க சார், எங்கண்ணன் தம்மு" என்றேன். "அத மட்டும் அவரு சூட்டோட திறக்கலாம்."