ஜெயமணியின் பதினோரு ஆசைகள்

கம்ப்யூட்டருக்குப் புது வேர்டு சாஃப்ட்வேர் வரப்போகிறது என்ற செய்தி ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்த பிரேக் கம்பெனிக்கு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. வேர்டுதான் வந்தபாடில்லை. கேட்டால், சிஸ்டம்ஸ் பையன் விமல்ராஜ், "அடுத்த திங்கக்கெழமைக்கா" என்பான். அவனுடைய காலண்டரில் திங்கட்கிழமைக்குப் பஞ்சமே இல்லை.

அதிகமாகக் காத்திருந்தவள் குவாலிட்டி செக்‌ஷன் ஜெயமணி. கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டினத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பில் தேறியவள். விரல் வேகத்துக்கு எதிரே ஆள் கிடையாது. ஆனால் அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் டிவி வைத்த டைப்ரைட்டர், அவ்வளவுதான். தலைப்பு நடுவில் வர வேண்டுமா, ஸ்பேஸ் பாரை எண்ணித் தட்டுவாள். அடுத்த பக்கம் போக வேண்டுமா, என்டரை அடித்துக்கொண்டே போவாள். எண்பத்து நாலு பக்க குவாலிட்டி மேனுவலை இப்படித்தான் கட்டி எழுப்பியிருந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் யாராவது ஒரு வரி சேர்த்தால் போச்சு, கடைசிப் பக்கம் வரை எல்லாம் இடம் பெயர்ந்துவிடும். பொருளடக்கத்தைப் பென்சிலால் திருத்தி மறுபடி அடிக்க வேண்டும். அதனால் எந்தத் திருத்தம் வந்தாலும், "புது வேர்டு வரட்டும்" என்று ஒதுக்கி வைத்துவிட்டாள்.

புது வேர்டில் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தான் விமல்ராஜ். மற்றவர்கள் அன்றே ரெண்டு வரி கிறுக்கிக் கொடுத்தார்கள். ஜெயமணி மூன்று மாதம் சேர்த்துச் சேர்த்துப் பதினோரு ஆசைகள் எழுதினாள். தலைப்புக்குத் தானே எண் வர வேண்டும். பொருளடக்கம் தானே அமைய வேண்டும். இப்படிப் போய், பதினோராவதாக, எதை யார் மாற்றினார்கள் என்று வேர்டே சொல்ல வேண்டும் என்று முடிந்தது பட்டியல்.

பதினோராவது ஆசைக்குக் காரணம் மேனேஜர் கமலக்கண்ணன். மதுரைப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர், ஞாபகம் மட்டும் ஓட்டைப் பானை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பொது ஃபோல்டரில் இருக்கும் மேனுவலைத் திறந்து எதையாவது மாற்றுவார். மறுநாள் அதையே பார்த்து, "யாரும்மா இதை மாத்துனது?" என்று ஜெயமணியைப் பிடித்துக் கொள்வார்.

அந்தத் திங்கட்கிழமை இடி இறங்கியது. புது வேர்டு அடுத்த மாதம்தானாம். சனிக்கிழமை ஆடிட்.

"ஏம்மா, வியாழக்கெழமை சாயங்காலத்துக்குள்ள மேனுவல் ஒரு தப்பில்லாம என் மேசைக்கு வரணும். இல்லேன்னா வெள்ளிக்கெழமை லீவ மறந்துரு" என்றார் மேனேஜர்.

வெள்ளிக்கிழமை காலை ஊரில் தங்கை தமிழ்செல்விக்கு வளைகாப்பு. அம்மா இல்லாத வீடு. "மொத வளையல் நீதான் போடணும்க்கா. நீ வராம நான் மணையில உக்காரவே மாட்டேன்" என்று போனில் அழுதிருந்தாள். ஜெயமணி நேரே போய் விமல்ராஜைப் பிடித்தாள்.

"டேய், உன்ன நம்பித்தானடா எல்லாத்தையும் போட்டு வெச்சேன்!"

விமல்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு அவளுடைய பட்டியலை எடுத்து நீட்டினான். பதினொன்றுக்கும் பச்சை மையில் டிக்.

"அக்கா, அடிக்காதீங்க. இதெல்லாம் பழசுலயே இருக்குது."

"எது?"

"எல்லாமே."

"அடப்பாவி! மூணு மாசமா ஏண்டா சொல்லல?"

"நீங்க லிஸ்ட்டக் குடுத்ததே முந்தாநாளு சனிக்கெழமதானேக்கா!"

ஜெயமணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "கையில வெண்ணெய வெச்சுக்கினு நெய்க்கு அலைஞ்சிருக்கேன் பாரு" என்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், சிரிப்புதான் வந்தது.

விமல்ராஜ் எந்த மெனு, எந்தப் பொத்தான் என்று காட்டினான். அன்று முழுக்க, அவள் அடித்துக் குவித்திருந்த என்டர்களைக் களை பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கினாள். செவ்வாய் காலை ஒரு பொத்தானை அமுக்கினாள். பொருளடக்கம் நாலு பக்கத்துக்கு வந்து நின்றது! "ஐயோ, என் ராசா!" என்று கம்ப்யூட்டரின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பிறகு பதினோராவது ஆசைக்கான பொத்தானையும் அமுக்கி வைத்தாள்.

வியாழன் மாலை நாலு மணிக்குக் கமலக்கண்ணன் மேனுவலோடு வேகமாக வந்தார்.

"ஜெயமணி! முப்பத்தோராம் பக்கத்தப் பாரு. ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவ இன்ஸ்பெக்‌ஷன்னு தானே இருந்துச்சு? ஒரு மணி நேரம்னு யாரு மாத்துனது? இப்படி இருந்தா எப்படிம்மா லீவு தர்றது?"

வழக்கமாக இந்த இடத்தில், செய்யாத தப்புக்கு, "சாரிங்க சார்" என்பாள். இன்றைக்கு மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே பாருங்க சார்."

முப்பத்தோராம் பக்கம் சிவப்பாய் இருந்தது. செவ்வாய் மணி ஒன்று இருபது, கமலக்கண்ணன், ரெண்டு என்பது ஒன்று ஆனது. புதன் ஒன்று பத்து, கமலக்கண்ணன், ஒன்று என்பது ரெண்டு ஆனது. வியாழன் ஒன்று முப்பது, கமலக்கண்ணன், மறுபடியும் ஒன்று. ஒவ்வொரு வரியிலும் அவர் பெயர்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். செக்‌ஷனே எட்டிப் பார்த்தது. முதலில் குலுங்கியது அவருடைய தொப்பைதான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

"எம்மா, ரெண்டு வருசமாவா உன்னயத் திட்டிக்கிட்டு இருந்தேன்?"

"மூணுங்க சார்."

"கிளம்பு, கிளம்பு. கிருஷ்ணகிரி பஸ்ஸப் பிடி. நாளைக்கி வளையலப் போட்டுட்டு, சனிக்கெழம ஆடிட்டுக்கு வந்து நில்லு. அந்த ரெண்டை மட்டும் நானே சரி பண்ணிக்கிறேன்."

"வேணாம் சார், நானே பண்ணிட்டுப் போறேன்" என்று அவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள் ஜெயமணி.

வெள்ளிக்கிழமை முதல் வளையலை அவள்தான் போட்டாள். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுததில் சந்தனம் ரெண்டு பேர் கன்னத்திலும் அப்பியது.

சனிக்கிழமை ஆடிட் நல்லபடியாக முடிந்தது. வளைகாப்புப் புளிச்சோற்று டப்பாவோடு விமல்ராஜிடம் போனாள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பழைய பட்டியலை நீட்டினான். பதினோராவது ஆசைக்குக் கீழே, மேனேஜரின் கையெழுத்தில், புதிதாக ஒரு வரி இருந்தது:

"12. புது வேர்டில் 11 இருக்கக் கூடாது."