திங்கட்கிழமைக் கேள்வி

வெள்ளைச் சட்டையின் காலரை மார்லிஸ் இரண்டாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அவள் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மதியத்துக்குள் உடுப்பு வேண்டும் என்று ஈமக்கூடத்து வெல்லிங் காலையிலேயே போன் செய்திருந்தார். பழுப்பு நிறக் கோட்டு, கால்சட்டை, சாக்ஸ் எல்லாம் நாற்காலியில் தயாராக இருந்தன. சட்டை மட்டும்தான் பாக்கி.

தங்கை ஜோனெட் போய்க் கதவைத் திறந்தாள். துணைப் பயிற்சியாளர் டென்னி க்ரூகர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் தோள் அகன்ற ஒரு பையன் நின்றான். காலெப் ஸ்ட்ராண்ட், கல்லூரி பேஸ்பால் அணியில் பந்து பிடிக்கும் கேட்சர். மார்லிஸ் அவனைப் பத்திரிகைப் படத்தில் பார்த்திருந்தாள். படத்தில் அவள் கணவர், அணியின் பயிற்சியாளர் ஆர்லின், அவன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"மார்லிஸ், பசங்க ஒண்ணு கேக்கறாங்க," என்றார் டென்னி. "தப்பா எடுத்துக்காதீங்க."

பையன் கையிலிருந்த துணியை நீட்டினான். ஆர்லினின் ஆட்டச் சட்டை. முதுகில் பதினான்கு. துவைத்து மடித்திருந்தார்கள்.

"இதைப் போட்டுப் புதைக்கலாம்னு எல்லாரும் நினைக்கறோம் மிஸஸ் ஹால்வர்சன். அவருக்கும் அதுதான் பிடிக்கும்."

"அவருக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

டென்னி தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"கோட்டு எடுத்து வெச்சிட்டேன்," என்றாள் மார்லிஸ். "என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது. அதுலதான் போவார்."

முப்பத்தேழு வருடங்களாக வசந்த காலம் முழுவதும் அந்தப் பதினான்குக்குத்தான் போனது. பிப்ரவரியில் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் பந்து எறியத் தொடங்கினால் மே கடைசிவரை ஆர்லின் வீட்டுக்கு வருவது சாப்பிடவும் தூங்கவும்தான். கல்யாணமான புதிதில் அவளும் மைதானத்துக்குப் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் பையன்களோடு பேசிக்கொண்டே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அவள் வந்திருந்ததே மறந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் போகவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "இல்லைன்னு யார் சொன்னது, வருஷத்துக்கு முப்பது பேர்," என்று ஊரில் யாராவது சொல்வார்கள். ஆர்லின் மறுக்கமாட்டார். அவள் ஒவ்வொரு முறையும் எழுந்து காபி ஊற்றப் போய்விடுவாள்.

"சரி மார்லிஸ், உங்க இஷ்டம்," என்றார் டென்னி. "பசங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்னு பார்த்தோம். இந்த சீசன் பூரா அவருக்காகத்தான் ஆடினாங்க. போன வருஷம் பதினொண்ணு ஜெயிச்ச டீம், இந்த வருஷம் இருபத்தொம்பது. சனிக்கிழமை ஃபைனல்."

"ஃப்ளோரிடாவுலேருந்து திரும்பி வர்றப்ப அவர் சொன்ன நாள்லேருந்து யாரும் ஒரு பிராக்டிஸ்கூட விட்டதில்ல," என்றான் காலெப்.

இஸ்திரிப்பெட்டி சட்டையின் மேல் அப்படியே நின்றது.

"என்ன சொன்னார்?"

பையன் டென்னியைப் பார்த்தான். டென்னி தரையைப் பார்த்தார்.

"உடம்பைப் பத்தி," என்றான் பையன், குரல் இறங்கி. "பஸ்ல."

ஃப்ளோரிடாப் பயணம் மார்ச் முதல் வாரம். மினசோட்டாவில் தரை உறைந்து கிடக்கும் என்பதால் அணி ஒவ்வோர் ஆண்டும் தெற்கே போய்த்தான் சீசனைத் தொடங்கும். மார்லிஸுக்குத் தெரிந்ததோ ஏப்ரல் இரண்டாம் வாரத்தில். அதுவும் அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்து, அடுத்த ஊசிக்கு நேரம் மாறியிருப்பதாகச் சொன்னாள். என்ன ஊசி என்று மார்லிஸ் கேட்டாள். சாயங்காலம் ஆர்லின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கணையத்தில் புற்றுநோய் என்று ஒப்புக்கொண்டார். "தெரிஞ்சு ஒரு வாரம்தான் ஆச்சு," என்றார். அவள் நம்பினாள்.

சட்டையிலிருந்து கருகல் வாசம் வந்தது. ஜோனெட் ஓடிவந்து இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினாள். தோள்பட்டையில் மஞ்சளாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது.

"கோட்டு மறைச்சிடும்," என்றாள் ஜோனெட்.

அவர்கள் போன பிறகு மார்லிஸ் உடுப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஈமக்கூடத்துக்கு அவளே காரோட்டிப் போனாள். வெல்லிங் படிவத்தை எடுத்துவைத்து, நாளும் நேரமும் கேட்டார்.

"சனிக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி."

வெல்லிங் பேனாவை நிறுத்தினார். "சனிக்கிழமை ரெண்டு மணிக்குத்தான் மேட்ச், மிஸஸ் ஹால்வர்சன். மான்கேட்டோ பக்கத்துல. பஸ்ல ரெண்டரை மணி நேரம்."

"தெரியும்."

"லீக்காரங்க மேட்சைத் தள்ளிவைக்க மாட்டாங்களாம். டென்னி கேட்டுப் பார்த்தாராம்."

"ரெண்டு மணின்னு எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் காருக்குத் திரும்பி வந்து சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜனவரியா, பிப்ரவரியா, எப்போது தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஏரிக்குப் போய்ப் பனியில் துளை போட்டு மீன் பிடித்தார்கள். நான்கு மணி நேரம் ஒரே தகரக் குடிலுக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். தூண்டில் நூலைப் பற்றித்தான் பேசினார்.

அன்று சாயங்காலமே ஊரில் பேச்சு பரவிவிட்டது. ஜோனெட் பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அந்தப் பசங்க என்ன பாவம் பண்ணினாங்க, மார்லிஸ்?"

"நான் என் புருஷனை அடக்கம் பண்றேன். அவங்க எங்க வேணா போகட்டும். நான் தடுத்தேனா?"

"தடுக்கலதான்."

"அப்புறம் என்ன?"

ஜோனெட் குழாயை மூடிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் காலெப் தனியாக வந்தான். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கூப்பிடும்வரை படிக்கட்டிலேயே நின்றான். மார்லிஸ் வலைக்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஓட்டுப் போட்டோம்," என்றான். "மேட்சுக்குப் போகலை. எல்லாரும் அடக்கத்துக்கு வர்றோம். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"எத்தனை பேர்?"

"பதினேழு பேர் அடக்கத்துக்கு. பன்னெண்டு பேர் மேட்சுக்கு."

"நீ?"

அவன் தயங்கவில்லை. "மேட்சுக்கு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்வான் என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு இதான் கடைசி மேட்ச்," என்றான். "அடுத்த மாசம் எங்கப்பாவோட கூரை வேலைக்குப் போயிடுவேன். அதுக்காக மட்டுமில்ல. கோச் இருந்தா பஸ்ல ஏறுன்னுதான் சொல்லுவார். அது உங்களுக்கே தெரியும்."

"எனக்கு எதுவும் தெரியாது. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்." வலைக்கதவின் கொக்கியில் அவள் விரல் இருந்தது. "பஸ்ல என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

பையன் படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து மேல் படியில் உட்கார்ந்தாள்.

"டென்னஸி தாண்டினதும் டிரைவர்கிட்ட மைக்கை வாங்கினார். ஊர் திரும்பினா யார்யாருக்குக் கிளாஸ் இருக்குன்னு வழக்கமா சொல்லுவார். அன்னிக்கு, எனக்குக் கணையத்துல வந்திருக்கு, ஜனவரியிலேயே தெரியும், அடுத்த சீசன் டென்னிதான் பார்த்துப்பார்னு சொன்னார். அவ்வளவுதான். அப்புறம் மைக்கைக் குடுக்காம கையிலயே வெச்சுக்கிட்டு நின்னார். என் பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லலை, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, உங்கள்ல யாருக்காவது ஏதாவது யோசனை இருக்கான்னு கேட்டார்."

"உங்ககிட்டயா கேட்டார்?"

"ஆமா. இருபது வயசுப் பசங்ககிட்ட." காலெப் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "ஒருத்தன் நல்ல ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னான். ஒருத்தன், அவங்க கார் ஓட்டறப்ப சொல்லுங்க, அப்பத்தான் கத்தமாட்டாங்கன்னான். நான் லெட்டர் எழுதச் சொன்னேன். எதையும் ஒத்துக்கலை. ஓட்டல்னாலே அவளுக்குச் சந்தேகம் வந்துடும்பார். லெட்டர் எழுதினா எழுத்துப் பிழையைத் திருத்துவாம்பார்."

மார்லிஸ் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வாசிப்பு சொல்லிக்கொடுத்தவள்.

"அதுக்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேப்போம். பிராக்டிஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வட்டமா நிப்போம் இல்ல, முதல்ல அதான். சொல்லிட்டீங்களா கோச்? ஒரு வாரம், அவ தங்கச்சி வந்திருக்காம்பார். ஒரு வாரம், சர்ச்சுக்கு ஆப்பிள் பை சுட்டுக்கிட்டிருந்தா, கெடுக்க மனசு வரலைம்பார். ஒரு தடவை, ஏரியில வெச்சுச் சொல்ல நினைச்சேன், அவளுக்குப் பெரிய மீன் மாட்டிக்கிச்சு, விட்டுட்டேன்னார்."

"அது பிப்ரவரி," என்றாள் மார்லிஸ்.

"அப்ப அது முன்னாடி நடந்ததைச் சொல்லியிருப்பார்."

ஏழு பவுண்டு மீன். அதைத் தூக்கிக் காட்டி அவள் சிரித்ததும், அவர் படம் எடுத்ததும் முப்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் வீட்டுச் சமையலறை, அவள் தங்கை, அவள் சுட்ட ஆப்பிள் பை எல்லாமே வாராவாரம் அந்த மைதானத்துக்குப் போயிருக்கின்றன. அவளுக்குத்தான் அங்கிருந்து ஒன்றும் வந்ததில்லை.

"ஏப்ரல்ல ஒரு திங்கட்கிழமை, தெரிஞ்சிடுச்சுன்னார்," என்றான் காலெப். "நாங்க புரியாம கை தட்டிட்டோம். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திட்டோம். என்ன சொன்னாங்கன்னு கேட்டோம். ஒண்ணும் சொல்லலை, உருளைக்கிழங்கு சூப்பு வெச்சுக் குடுத்தாள்னார். அன்னிக்கு அவர் எங்களைப் பந்தைத் தொடவே விடலை. சும்மா மைதானத்தைச் சுத்தி ஓடச் சொன்னார். நாங்க ஓடினோம். அவர் ஆட்டக்காரங்க உக்கார்ற கொட்டகையில தனியா உக்காந்திருந்தார்."

தெருவில் தபால் வண்டி போனது. அடுத்த வீட்டுப் பெட்டி முன்னால் நின்று மறுபடி கிளம்பியது. மார்லிஸ் அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"பத்தரைக்குக் கிளம்பினாப் போதும். வார்ம்-அப்புக்கு நேரம் கொஞ்சம் குறையும்."

அவள் எழுந்து உள்ளே போனாள். கூடத்தில் அவள் போனில் பேசுவது வெளியே கேட்டது. "வெல்லிங்கா? நாளைக்கு ஒன்பது மணிக்கு வெச்சுக்கலாம். ஆமா, காலையில. பாஸ்டர்கிட்ட நான் பேசறேன். இல்ல, காரணமெல்லாம் ஒண்ணுமில்ல."

காலெப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பி வராததால், சிறிது நேரம் கழித்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை தேவாலயத்தில் முன்பக்கம் இரண்டு வரிசை முழுக்கப் பையன்கள். சிலருக்குக் கோட்டு தோளில் இறுகியது, சிலருக்குக் கை நீளமாகத் தொங்கியது. அப்பாக்களுடையதாக இருக்கும். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நான்கு பேர் அவர்கள். கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் கடைசி வாசகத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே சாலையோரம் நின்ற பஸ்ஸின் என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. டென்னி ஓடிப்போய் நிறுத்தச் சொன்னார்.

ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். பெரும்பாலும் பெயரை முணுமுணுத்தார்கள். அவளுக்கு யாரும் நினைவில் நிற்கவில்லை. காலெப் கடைசியில் வந்தான்.

"பஸ்ல இடம் இருக்கு," என்றான். "வர்றீங்களா?"

"சர்ச்சுல கீழ அறுபது பேருக்குச் சாப்பாடு வெச்சிருக்கு. நான் எப்படி வர்றது?"

"சரிங்க."

"காலெப்."

அவன் நின்றான்.

"போய் ஆடு," என்றாள்.

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் பன்றித் தொடை சாண்ட்விச்சும், உருளைக்கிழங்கு சாலடும், மூன்று நிறத்தில் ஜெல்லியும் இருந்தன. மார்லிஸ் எல்லோரோடும் பேசினாள். பன்னிரண்டு மணி ஆனது. ஒன்றும் ஆனது. யாரும் எழுந்து போகிறவர்களாக இல்லை. வங்கியில் வேலை பார்த்த ஒருவர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பிள்ளை இல்லைன்னு நினைக்காதீங்க மார்லிஸ். வருஷத்துக்கு முப்பது பிள்ளைங்களை வளர்த்தார்," என்றார். அவள் தலையாட்டினாள். காபி ஊற்றப் போகவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

இரண்டேகால் மணிக்கு அவளைக் காணவில்லை என்று ஜோனெட் கழிப்பறையில் பார்த்தாள், பாஸ்டரின் அறையில் பார்த்தாள். பிறகு ஒரு கோப்பைக் காபியோடு வெளியே வந்தாள்.

மே மாத வெயிலில் வாகன நிறுத்துமிடத்துச் சரளைக்கல் பளபளத்தது. மார்லிஸ் தங்கையின் காரில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். காலணிகளைக் கழற்றியிருந்தாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளே ரேடியோவில் ஒருவர் மளமளவென்று பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது இன்னிங்ஸ், மூன்றாவது பேஸில் ஒருவன், அடிக்க வருவது ஸ்ட்ராண்ட்.

ஜோனெட் ஜன்னலருகே குனிந்தாள். "யாரு ஜெயிக்கறாங்க?"

மார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கதவில் இருந்த பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி மெல்ல ஏறி, தங்கையின் முகத்துக்கும் அவளுக்கும் நடுவில் மூடிக்கொண்டது. உள்ளே அவள் கை நீண்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது மட்டும் வெளியிலிருந்து தெரிந்தது.