பொன்னாக வேண்டிய தகடு

எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை, ஒரு மெமோ வாங்கியதில்லை. ராஜேந்திரன் வீட்டில் சொன்ன நேரம் தப்பாது என்று சொந்தக்காரர்கள் சொல்லுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

மகள் ரெபேக்காளுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பேட்டரி கம்பெனியில் வேலை. புதிதாகச் செய்த பேட்டரிகளுக்கு முதல் சார்ஜ் ஏற்றிச் சோதிப்பாள். இந்த மாதம் அவளை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். சம்பந்தி வீட்டில் அதை நான் முன்கூட்டியே சொல்லியும் விட்டேன்.

சம்பந்தி என்றது மாமல்லபுரத்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் மகன் கலைவாணனுக்கு அங்கே பெண் நிச்சயம் ஆயிற்று. எங்கள் வீட்டில்தான் வைத்தோம். ஐந்து மணிக்கு ஜெபம். அன்று வேலைக்குப் போயிருந்த ரெபேக்காளுக்கு மதியத்துக்குள் மூன்று முறை போன் செய்தேன். "அவங்க முன்னால நான் தலை குனியணுமா?" என்று கேட்டேன். நாலரைக்கு வந்து நின்றாள்.

போன வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு போனில் ஒரு படத்தைக் காட்டினாள். முழு சார்ஜில் இருந்த பேட்டரியைப் பிரித்து, உள்ளே இருந்த கிராஃபைட் தகட்டை எடுத்த படம். நடுவில் நல்ல பொன் நிறம். ஓரங்களில் வெள்ளி பூசினது போல ஒரு மினுக்கு.

"பளபளன்னு நல்லாத்தானே கீது?"

"அந்தப் பளபளப்புதான்ப்பா கோளாறு."

கிராஃபைட் என்பது மெல்லிய தாள்களை அடுக்கினது போல என்றாள். சார்ஜ் ஏற ஏற லித்தியம் அந்தத் தாள்களுக்கு நடுவில் போய் உட்காருமாம். அடுக்குகள் விலகி இடம் கொடுக்கும். கிராஃபைட்டே பத்தில் ஒரு பங்கு உப்பும். கறுப்பாக இருந்தது நீலமாகி, சிவந்து, முழுதும் நிறைந்ததும் பொன்னாகும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். நெருக்கினால் லித்தியம் உள்ளே போக முடியாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்த் தகட்டைத் தொட்டால் தீப்பிடிக்கும்.

"யார் செஞ்ச தப்பு?"

"ஸ்டான்லி மேல போட்டிருக்காங்க. தகட்ல கிராஃபைட் பூசுறவரு. நெம்மேலி ஆளு, கான்ட்ராக்ட். ஓரத்துல பூச்சு சரியில்லன்னு திங்கக்கிழமையோட நிறுத்தறாங்க."

"அவனுக்கு பூசத் தெரியல. நீ எதுக்கு பட்டினி கெடக்குற?"

"அவரு சரியாத்தான் பூசியிருக்காரு. பத்து மணி நேரம் ஏத்த வேண்டிய சார்ஜ நான் ஒண்ணேகால் மணி நேரத்துல ஏத்திட்டேன். மெஷின்ல பதிவு இருக்குது. இன்னும் யாரும் பாக்கல."

"பாக்கலன்னா நீ வாய தொறக்காத. கான்ட்ராக்ட் ஆளுக்கு இன்னொரு கம்பெனி கெடைக்கும். நம்ம பேரு கெட்டா கெட்டதுதான்."

அவள் பையிலிருந்து மேனேஜருக்கு எழுதிய கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். தேதி, எத்தனை பேட்டரி, எவ்வளவு கரண்ட், எல்லாம் ஒழுங்காக இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'என் சொந்த அவசரம்' என்று எழுதியிருந்தாள். தேதியை இன்னொரு முறை பார்த்தேன். நிச்சயதார்த்த நாள்.

"சொந்த அவசரம்னா இன்னா அர்த்தம்?"

"வேற இன்னா எழுதறது? எங்கப்பா மூணு வாட்டி போன் பண்ணாருன்னு எழுதட்டா? ஆபீஸே சிரிக்கும்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை மின்சார ரயிலில் அவளோடு நானும் போனேன். "எல்கேஜில வுட வர்ற மாதிரி வராதப்பா, மானம் போவுது" என்றாள். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். கடிதத்தோடு அவள் உள்ளே போனாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஸ்டான்லியைப் பற்றி விசாரித்தபோது, கடைக்காரர் பெஞ்சில் இருந்தவரைக் காட்டினார்.

"ஸ்டான்லி நீங்கதானே? நான் ரெபேக்காளோட அப்பா. உங்க பூச்சுல தப்பில்ல. சார்ஜ வேகமா ஏத்துனதுதான் தப்பு. என் அவசரத்துக்குத்தான் அவ ஏத்துனா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு நாளா வூட்ல சோறு எறங்கல சார். ஒரு பூச்சு பூசத் துப்பில்லையான்னு பொண்டாட்டி கேக்கறா. இப்ப வந்து சொல்றீங்க."

"கடிதம் இந்நேரம் மேனேஜர் கைக்குப் போயிருக்கும்."

"உங்க பொண்ணு குடுப்பாங்க சார். உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"தெரிஞ்சதும் அவங்களாண்ட இன்னா சொன்னீங்க?"

கலெக்டர் ஆபீசில்கூட என்னிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

"வாய தொறக்காதன்னு சொன்னேன்."

பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு அவர் எழுந்து கேட்டுக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் தெரிந்தது. ஸ்டான்லியை நிறுத்தவில்லை. ரெபேக்காளை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளி வைத்துவிட்டார்கள். மாமல்லபுரத்தார் ஏன் என்று கேட்டால் காரணத்தை நான்தான் சொல்ல வேண்டும். அவள் சொல்ல மாட்டாள்.