விளக்குக்கு ஒரு மூடி

வலது தோள்பட்டை தீயாக எரிந்தது. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டைத் தூக்கினாள். கால்மாட்டில் தம்பி. நடுவில், மூன்று மணி நேரத்துக்கு முன்னால் மூச்சை நிறுத்திவிட்ட அப்பா.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுடா."

"உள்ளன்னா எங்க? சுவத்துக்குள்ளயா?"

முன்னறை பத்தடிக்குப் பத்தடி. மூன்றாவது முறையாகக் கட்டிலை இடம் மாற்றுகிறார்கள். ஜன்னலுக்குக் கீழே போட்டால் உடம்பு முழுக்க வெளிச்சம். சுவரோரம் போட்டால் நெஞ்சில். இப்போது கதவு மூலைக்குக் கொண்டுவந்தாயிற்று, சரியாக முகத்தில் விழுகிறது. அறையில் ஒரு விளக்கும் போடவில்லை. எல்லாம் எதிர்ச்சாரியில் லாரி யார்டு வாசலில் நிற்கும் இருபதடிக் கம்பத்திலிருந்து வருகிற வெளிச்சம். முறம் அகலத்துக்கு வெள்ளை விளக்கு. மேலே மூடியும் கிடையாது, பக்கத்தில் மறைப்பும் கிடையாது. பாதி வானத்துக்குப் போனது. மிச்சத்தில் பெரும்பங்கு இந்த வீட்டுக்குள் வந்தது.

"ஜன்னலைச் சாத்திடலாம்க்கா."

"சாத்தாதே," என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா. நாலு மணியிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். "ஜன்னலைத் திறந்து வச்சு, இருட்டுல, ஒரு ராத்திரி. செத்ததுக்கு அப்புறமாவது. அவ்வளவுதான் கேட்டாரு அந்த மனுஷன்."

அப்பா சிமெண்ட் கிடங்கில் முப்பத்துநாலு வருஷம் மூட்டை தூக்கியவர். ஒரு நடைக்கு இரண்டு மூட்டை. அதனால் கிடங்கில் அவருக்கு ரெட்டைமூட்டை என்று பெயர். சம்பளம் கரைந்துபோனது, சிமெண்ட் மட்டும் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. கடைசி நாலு வருஷமாக ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும், திறந்தால் தூக்கம் போகும். கண்ணில் துண்டைக் கட்டிப் பார்த்தார். வியர்த்து ஊறி, அரை மணியில் பிடுங்கி எறிவார். ஜன்னலில் சாக்குப் படுதா தொங்கவிட்டார்கள். காற்றும் நின்றது. விடிய விடிய உட்கார்ந்து அந்த விளக்கை முறைத்துக்கொண்டிருப்பார், கடன் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவனைப் பார்ப்பதுபோல.

மூன்று வருஷத்துக்கு முன் நகராட்சியில் ஒரு விதி வந்தது. தெரு விளக்கு தெருவுக்கு மட்டும்தான் வெளிச்சம் தர வேண்டும், வானத்துக்கும் வீடுகளுக்குள்ளும் சிந்தக் கூடாது, ஒவ்வொரு விளக்குக்கும் தகர மூடி போட வேண்டும் என்று. டீக்கடையில் சிரித்தார்கள். "வெளிச்சத்துக்குச் சட்டம் போட்டாச்சு. காத்துக்கு எப்ப மீட்டர் வைப்பானுங்க?" அப்பா சிரிக்கவில்லை.

"அவன் வெளிச்சம் அவன் எல்லைக்குள்ள நிக்கணும். என் வீட்டுக்குள்ள வான்னு நான் கூப்பிட்டேனா?"

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவை உட்கார வைத்து மனு எழுதினார். ஆறு மனு. ஆறுக்கும் ஒரே பதில் வந்தது: பரிசோதித்ததில் மேற்படி விளக்குக்கு மூடி பொருத்தப்பட்டுள்ளது. பரிசோதனைத் தாளின் நகலும் கூடவே வரும், அடியில் கையெழுத்தோடு. அப்பா கடிதத்தோடு அம்மாவை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போவார்.

"நல்லாப் பாரு. உன் கண்ணுக்காவது தெரியுதா மூடி?" பிறகு ஆரம்பித்துவிடுவார். "பொய்க் கையெழுத்துப் போட்ட அந்தக் கை விளங்குமா? அந்தக் கையால எப்படிச் சோத்தைப் பிசையுறான்? கூசாது?"

ஒரு தடவை அவர் அப்படிக் கத்தியபோது பெரியவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போய்க் கை கழுவினாள்.

அந்தக் கை அவளுடையதுதான்.

பெரியவள் நகராட்சித் தெருவிளக்குப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கையெழுத்தைக் கீழேயே போட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். கையுறையோடு பேனா பிடிக்க முடியாது, இறங்கி வந்தால் அடுத்த கம்பத்துக்கு வண்டி கிளம்பிவிடும். சாமான் சாயங்காலத்துக்குள் வந்துவிடும், வேலையும் முடிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி எத்தனையோ நூறு கையெழுத்து. அதே மாதிரிதான் அன்றைக்கு சூப்பர்வைசர் இந்தச் சாலையின் தாளை நீட்டினார். நாற்பத்திரண்டு கம்பம், நாற்பத்திரண்டு வரிசை.

"மூடி ரெண்டு நாள்ல வந்துடும்மா. பில்லு இன்னிக்கே போகணும். போட்டு வை."

டீ ஆறுவதற்குள் போட்டு முடித்தாள். மூடி இரண்டு நாளில் வரவில்லை, மூன்று வருஷத்திலும் வரவில்லை. பில் மட்டும் பாஸாகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சார், எங்க வீட்டு எதிர்ல," என்று கேட்டுப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். "ஒண்ணுக்குப் போட்டா மத்த நாப்பத்தொண்ணும் மொட்டையா நிக்கிறது ஊருக்கே தெரியும். அப்புறம் யார் கையெழுத்துன்னு கேப்பாங்க. என்னுதா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

இப்போது கட்டிலை இறக்கி வைத்துவிட்டு அப்பாவின் இமையை விரலால் தள்ளி மூடினாள். அது மறுபடி நூலளவு திறந்துகொண்டது. அந்த நூலளவிலும் வெளிச்சம் போய் உட்கார்ந்தது.

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

"அம்மா, குளியலறைக் கதவுத் தகரத்தைக் கழட்டுறேன்."

"கழட்டிக்கோ. கிழவியை யாரு எட்டிப் பாக்கப் போறான்?"

தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, பைத்தியமா உனக்கு? அப்பாவை வீட்டுல போட்டுட்டுக் கம்பத்துல ஏறப் போறியா? காலையில தங்கச்சி ஊர்ல இருந்து வந்ததும் எடுத்துடப் போறோம். ஒரு ராத்திரிதானே?"

"அதான்டா. ஒரு ராத்திரிதான் இருக்கு."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"அப்புறம் யாரு சோறு போடுவா?"

"நீ போடு. ஆபீஸ் உத்தியோகம்தானே பாக்குற? நாற்காலி தேயுற அளவுக்கு உழைக்கிற."

அவள் தகரத்தைத் தரையில் போட்டு ஆணியால் கோடு இழுத்தாள். கத்தரி தகரத்தைக் கடித்துக்கொண்டு போகும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. துக்கம் கேட்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கொல்லை வாசலில் வந்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக உள்ளே போய்விட்டார்கள்.

"உன் கையெழுத்துன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றான் தம்பி மெதுவாக.

"உனக்கே தெரியும்னா எனக்குத் தெரியாதா?" அம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள். "ஒண்ணாம் கிளாஸ் நோட்டுல இருந்து பாக்குறேன். பேரை விட்டுட்டுத்தான் அவருக்குப் படிச்சுக் காட்டினேன்."

கத்தரி நின்றது. "அப்பாவுக்கு?"

"ஆறாவது லெட்டர் வந்தப்போ கேட்டாரு. யாரு போட்டிருக்கான்னு. யாரோ ஒருத்தன்னு சொன்னேன். ஒருத்தனா, ஒருத்தியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தைச் சொல்ல? லெட்டரை மடிச்சு வச்சேன்."

ஆறாவது கடிதத்துக்கு அப்பா யாரையும் திட்டவில்லை. ஏழாவது மனு எழுதச் சொல்லவும் இல்லை. பெரியவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது. அவள் குனிந்து மிச்சத் தகரத்தை வெட்டினாள். கோடு கோணலாகப் போயிற்று. நிமிர்த்தி மறுபடி வெட்டினாள்.

யார்டு வாட்ச்மேன் ஏணியைத் தர மறுத்தார். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுவதற்கு வைத்திருந்த நீள ஏணி அது.

"அப்பா போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன்மா. நல்ல மனுஷன். ஆனா விளக்குல கை வச்சா எங்க மானேஜர் என்னைத் தொலைச்சுடுவாரு. யார்டு இருட்டாயிடும்."

"இருட்டாகாது அண்ணே. மேல போறதையும் எங்க வீட்டுக்குள்ள வர்றதையும் புடிச்சுக் கீழ தள்ளப் போறேன். உங்களுக்கு லாபம்தான்."

"ஆர்டர் இருக்கா?"

"மூணு வருஷமா இருக்கு. ஏணியைப் பிடிங்க."

அவள் கம்பத்தின் அடிப் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினாள். கம்பம் செத்தது. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, தகரத்தை முதுகில் கயிற்றால் இறுக்கிக்கொண்டு ஏறினாள். ஒரு வாரமாக அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தும் படுக்க வைத்தும் கழன்றுபோன தோள். பத்தாவது படியில் கை தூக்க வரவில்லை. இடது கையாலேயே மிச்சத்தை ஏறினாள். மேலே விளக்கு இன்னும் சுட்டது. தகரத்தை மேலும் பக்கமுமாக மடித்து, கம்பியைச் சுற்றி, குறடால் முறுக்கினாள். நாலு இடத்தில் முறுக்கினால் போதும். அவள் எட்டு இடத்தில் முறுக்கினாள். அந்த நேரம் தலைக்கு மேல் வானம் எப்படி இருந்தது என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

இறங்கி வந்து ஃபியூஸைச் சொருகினாள். வெளிச்சம் கம்பத்தடியில் வட்டமாக விழுந்து அங்கேயே நின்றது. வாட்ச்மேன் குனிந்து பார்த்தார்.

"அட, டயரைக் குத்துற ஆணிகூடத் தெரியுதே."

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"ஏம்மா, யார்டுல இருந்து போன் வந்துச்சு. விளக்கு அணைஞ்சு போச்சாம்."

"எரியுது சார். மூடி போட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"நீங்க சொல்லித்தான் சார். மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னீங்களே. கையெழுத்துகூடப் போட்டிருக்கேன்."

"இதோ பாரு. வீட்டுல துக்கம், புத்தி கலங்கிப் போச்சு, எனக்குப் புரியுது. நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் கழட்டிடு. யாருக்கும் தெரியாது."

"தெரியணும் சார்."

"உன் வேலை போகும்மா. கேஸும் வரும். கையெழுத்து உன்னுது."

"என்னுதுதான். அதைத்தான் கமிஷனருக்கு எழுதிக் குடுக்கப் போறேன். பில்லுல இருக்கிறது யாருதுன்னு அவரு பாத்துக்கட்டும்."

அவர் மறுபடி "ஏம்மா" என்று ஆரம்பித்தார். அவள் போனை அணைத்துப் பையில் போட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறை இருட்டாக இருந்தது. ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. தம்பி வாசலில் நின்று யாருக்கோ நாளைக்கு வர வேண்டிய நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ ஒரு பெண் ஸ்விட்சுக்குக் கை நீட்ட, அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அடுப்படி விளக்கின் வெளிச்சம் அப்பாவின் கால் விரல் வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முகம் இருக்கிற பக்கம் பார்த்து அவள் சற்று நேரம் நின்றாள். முகம் தெரியவில்லை.

அடுப்படித் தரையில் உட்கார்ந்து, அம்மா மனு எழுதுகிற நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். வலது கை எழும்பவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

ஐயா, இந்தச் சாலையில் நாற்பத்திரண்டு விளக்குக்கும் மூடி போட்டதாக நான் போட்ட கையெழுத்து பொய். இன்று ஒன்றுக்குப் போட்டுவிட்டேன். இந்தத் தெருவுக்கு நாம் தர வேண்டிய பாக்கி நாற்பத்தொரு மூடி.