இரவல் நட்சத்திரம்

அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்காரி திருதிருவென்று விழித்தாள். பிசியோதெரபிஸ்ட், ஊரார் முதுகெலும்பையெல்லாம் எண்ணி வைத்திருப்பவளுக்குத் தன் நட்சத்திரம் தெரியவில்லை. அவள் பேரோ அர்ச்சகர் வாயில் நுழையவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. எனக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வந்தது, செத்துப்போன என் தங்கையின் பேரும் பூரட்டாதியும்.

அவள் அதை உபதேசம் போலப் பிடித்துக்கொண்டாள். அதே பேருக்கு, அதே நட்சத்திரத்துக்கு ஒரு மண்டலம் தினமும் அர்ச்சனை. விடிந்ததும் குளித்துவிட்டு ஜபம். யாருடைய பேர் என்று கேட்டபோது, "சும்மா வாயில வந்துச்சு" என்றேன். பாதி நிஜம்தானே.

எங்கள் முன்னறைதான் என் தையற்கடை. "அக்கா, நான் உள்ளே வரலாமா?" என்று வகுப்பில் படித்த தமிழில் கேட்பாள், பதில் வருவதற்குள் துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பாள். "நம்ம வீட்ல இலக்கண சுத்தமா பேசுறது இவங்க ஒருத்தங்கதான்" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார்.

இருபதாம் நாள் வாக்கில் உள்ளே வருவதை நிறுத்தினாள். வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

"ஏம்மா, உள்ள வாயேன்."

"கால் வரவில்லை, அக்கா. ஏன் என்று எனக்கே தெரியவில்லை."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்று எனக்கும் தங்கைக்கும் போனில் சண்டை. "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினேன். நாலாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். நான் அப்படிச் சொன்னது இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரர் உட்பட.

முதல் வாரம் நான் தைத்துக்கொடுத்த குர்த்தாவை அவள் கொண்டுவந்தாள். கை நீளமாக இருக்கிறதாம். படிக்கு உள்ளே நான், வெளியே அவள். நாடாவை நீட்டி அளந்தேன். இருபத்தொன்று. நோட்டில் என் கையெழுத்தில் இருபத்து மூன்றரை என்று இருந்தது. விரதம் இருந்தால் உடம்பு இளைக்கும், சரி. கை எப்படிக் குறையும்? பழைய நோட்டில் தங்கையின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அதே வாரம் இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய அப்பா ஞாயிறுதோறும் போன் செய்வார். வயதானவர், தனியாக இருக்கிறார். "இப்போதெல்லாம் அவர் பேசுவது பாதிதான் புரிகிறது, அக்கா" என்றாள். அவள் தாய்மொழியைத்தான் சொன்னாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நீ பிறந்த தேதி, நேரம் எல்லாம் ஜோசியர்கிட்ட குடுத்து உன் நட்சத்திரம் என்னன்னு கேளு. நாளையிலேர்ந்து உன் பேருக்கே பண்ணிடலாம்" என்றேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்து படிக்கு வெளியே நின்றாள். "சுவாதி. இதுதான் என்னுடையது" என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள். நான் கையை நீட்டினேன். வாங்கிக்கொண்டால் போதும், அந்தப் பெண் தப்பித்துவிடுவாள்.

அவள் பார்வை என்னைத் தாண்டி, மூலையில் துணி போட்டு மூடியிருந்த அம்மாவின் மெஷினுக்குப் போனது.

"அது இன்னும் கடகடன்னு சத்தம் போடுதாக்கா?"

வகுப்புத் தமிழ் இல்லை. எங்கள் வீட்டுத் தமிழ்.

"உள்ள வந்து பாக்கணும்னுதான் இருக்கு. நீதானே மிதிக்காதன்னு சொன்ன."

சீட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. எது நியாயம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஓர் அப்பா இருப்பதும் நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் பதினோரு வருஷமாகச் சொல்ல முடியாமல் கிடந்ததை நான் சொல்லிவிட்டேன்.

"உள்ள வாடி, குட்டிம்மா."

படியைத் தாண்டி வந்தாள். சீட்டு வெளியே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் போன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. அம்மாவின் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள் தலை தூக்கவில்லை.

"மேல யாருக்கோ போன் வருதுக்கா" என்றாள்.